காயமும் கடுதாசியும்

புறநானூற்றிலே அரிசில் கிழார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. போரிலே புண்பட்டுக் கிடக்கும் கணவனைக் காக்க அவன் மனையாள் தன் தோழியைத் துணைக்கு அழைக்கும் பாட்டு அது. இரவந்தழையையும் வேப்பந்தழையையும் மனையிலே செருகுவோம், வெண்சிறுகடுகைத் தூவுவோம், யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கக் காஞ்சி பாடுவோம், நறும்புகை எழுப்பி அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள் அவள். புண்பட்டவனைப் பேய் தீண்டாதபடி காக்கும் இச்செயலை இலக்கண நூலார் தொடாக்காஞ்சி என்று வகுத்தனர். நம் மாணவர்கள் திணையும் துறையும் எழுதி, மதிப்பெண் பெற்று அப்பாற் செல்கிறார்கள். எனக்கோ அப்பாட்டு ஒரு மருத்துவ விதியைக் கூறுவதாகவே தோன்றுகிறது. அடிபட்டு வந்தவன் அருகிலே இரவெல்லாம் ஒருவர் கண்விழித்திருக்க வேண்டும் என்பதே அவ்விதி.

அந்த வீரனின் புண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. அதை விழுப்புண் என்று போற்றினர். மாண்டால் நடுகல் நாட்டினர். ஆனால், பெருமையற்ற புண்ணும் உலகிலே உண்டு. சம்பள நாளிரவிலே வாய்ச்சண்டை முற்றிப் பொல்லால் விழுந்த அடி. அடுத்த காம்பராக்காரன் ஆத்திரத்திலே ஓங்கிய கவ்வாத்துக் கத்தி. கட்டிய கணவனே மனைவியின் வயிற்றிலே விட்ட உதை. வேலைத்தலத்திலே அதிகாரம் படைத்த கை கொடுத்த அறை. இவற்றுக்குப் புலவர்கள் பெயர் வைக்கவில்லை. புண்பட்டவரோ அதை மறைக்கவே முயல்கிறார். இத்தகைய புண்ணோடு ஒருவர் நமது மலைநாட்டு வைத்தியசாலையின் வாயிலை அடையும்போது அவருக்கு என்ன நேர்கிறது, என்ன நேர வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நானுஓயாவிலிருந்து ஒரு நோக்கு

நானுஓயாவை அறியாதார் மலைநாட்டில் இரார். 1885ஆம் ஆண்டிலே மலையேறி வந்த புகைவண்டிப் பாதை அவ்வூரை எட்டியது. நுவரெலியாவின் குளிரை நாடி வருவோர் இன்றும் அங்கேதான் இறங்குகின்றனர். கடல் மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலே அமைந்த இடம். சுற்றிலும் ரதல்ல, டெஸ்போர்ட், கிளாசோ, எடின்புரோ எனத் தேயிலைத் தோட்டங்கள். நகரத்துச் சந்தியிலிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஐந்தாறு மைல்தான். மறுபுறம் கீழே இறங்கினால் லிந்துலையிலும் வைத்தியசாலை உண்டு. வரைபடத்தைப் பார்ப்பவர், இம்மக்களுக்கு வைத்திய வசதி கைக்கெட்டும் தூரத்திலே இருக்கிறது என்றே எண்ணுவார்.

வரைபடத்திலே மேற்பிரிவு லயங்களின் ஏற்ற இறக்கம் தெரிவதில்லை. மழை அறுத்த கல்வீதியும், நள்ளிரவு மூடுபனியும், வாடகைக்கு வர மறுக்கும் முச்சக்கர வண்டியும் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டிலே இந்திய அரசின் நன்கொடையோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை, 2018ஆம் ஆண்டு முதல் பிற மாகாணங்களுக்கும் விரிந்தது. ஒரு தொலைபேசி அழைப்பிலே கட்டணமின்றி வரும் அவ்வண்டி நாட்டுக்குக் கிடைத்த பெரும்பேறு. எனினும், பெருவீதி வரை விரைந்து வரும் வண்டி லயத்து வாசல் வரை ஏற இயலாத இடங்கள் பல. அந்த இடைவெளியைக் கம்பளியிலே தூக்கிச் செல்வோரின் தோள்களே நிரப்புகின்றன.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதல்லைக் குறுக்குவீதியிலே பஸ்ஸும் வானும் மோதி 7 பேர் மாண்டபோது நாடே அத்திசை நோக்கித் திரும்பியது. விபத்துக்கு நூறு கண்கள் சாட்சி. லயத்துக் காம்பராவின் கதவுக்குப் பின்னே விழும் அடிக்கு அடித்தவரும் அடிபட்டவருமே சாட்சி. சில வேளைகளில் கட்டிலின் மூலையிலே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு குழந்தையும் சாட்சி.

குளிரும் குருதியும்

தாக்குண்டவரின் உடலைப் பற்றிப் பொதுமக்கள் அறியவேண்டிய சில உண்மைகள் உள்ளன. அவை வைத்தியர்களுக்கு மட்டும் உரியவை என்று விட்டுவிட்டால், வைத்தியசாலையை அடையுமுன்னரே உயிர் போய்விடும்.

முதலாவது குளிர். குருதி சிந்திய உடல் குளிர்ந்தால் குருதி உறையும் ஆற்றல் குன்றும். உறைதல் குன்றினால் மேலும் குருதி சிந்தும். சிந்தச் சிந்த உடல் மேலும் குளிரும். இச்சுழலை உயிர்கொல்லி என்றே மருத்துவர் அஞ்சுகின்றனர். கொழும்பு வெயிலிலே வெட்டுண்டவனுக்கும் நானுஓயாவின் மார்கழி இரவிலே வெட்டுண்டவனுக்கும் காயம் ஒன்றாக இருக்கலாம், கெடு ஒன்றன்று. காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நனைந்த உடையை நீக்கி, உலர்ந்த கம்பளியால் உடலைப் போர்த்துவதே அங்கு முதலுதவியின் தலையாய பகுதி. காப்பித் தூளையும் மஞ்சளையும் புண்ணிலே அப்பும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அது கிருமிகளுக்கு விருந்து வைப்பதோடு புண்ணின் உருவத்தையும் மறைத்துவிடுகிறது. உடலிலே பதிந்த கத்தியைப் பிடுங்கவும் கூடாது. அடைப்பை எடுத்த குழாய்போல உள்ளே குருதி பெருகும்.

இரண்டாவது காலம். 2010ஆம் ஆண்டிலே லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட பேராய்வு ஒன்று 40 நாடுகளிலே, 274 வைத்தியசாலைகளிலே, 20,211 காயமுற்றோரை உள்ளடக்கியது. டிரானெக்சாமிக் அமிலம் என்னும் விலை மலிந்த மருந்து, குருதிப் பெருக்கால் நேரும் மரணத்தைக் குறைக்கும் என்பதை அது நிறுவியது. ஆனால் அதன் பயன் காயமுற்ற முதல் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான். அதற்குப் பின்னர் கொடுத்தால் தீங்காகவும் முடியலாம் என்பதும் அவ்வாய்விலே தெளிவாயிற்று. இரவு பத்து மணிக்கு வெட்டுண்டவனை “விடியட்டும், கொழுந்து லொறியிலே அனுப்பலாம்” என்று வைத்திருக்கும் ஒருவர், மருந்துக் களஞ்சியம் நிறைந்திருந்தும் அம்மருந்தை அவனுக்கு இல்லாமற் செய்துவிடுகிறார்.

மூன்றாவது, வெளியே தெரியாத கேடு. வயிற்றிலே உதைபட்டவரின் தோல் கன்றாமலே இருக்கலாம். உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம். சில வேளைகளில் அக்குருதிப் பெருக்கு நாட்கள் சில கழித்தும் வெளிப்படும். பொல்லால் உடலெங்கும் நையப் புடைக்கப்பட்டவரின் தசைகள் சிதைந்து, அவற்றின் கழிவு குருதியிலே கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அப்போது சிறுநீர் கடுஞ்சாயத் தேநீரின் நிறத்தை அடையும். தேயிலையோடு வாழும் மக்களுக்கு இந்த அடையாளத்தை ஒருமுறை சொன்னாற் போதும், மறக்கமாட்டார்கள். எலும்பு முறியவில்லை, ஒத்தடம் கொடுங்கள் என்று அனுப்பிவிடப்பட்டவர் இரண்டு நாளிலே சிறுநீர் பிரியாமல் திரும்பி வருவது இதனாலேதான்.

மதுவாடையும் மயக்கமும்

தலையிலே அடிபட்டவரின் நிலை இன்னும் நுட்பமானது. அடி விழுந்ததும் சிறிது மயங்குவார். பின் எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசுவார். தேநீர் கேட்டுக் குடிப்பார். சுற்றி நிற்போர் பிழைத்துக்கொண்டான் என்று கலைந்து போவர். மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் இடையே ஓடும் குருதிநாளம் கிழிந்து அங்கே குருதி தேங்கிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்திலே தூக்கம், அதன்பின் ஆழ்ந்த மயக்கம், அதன்பின் மரணம். இடையிலே வருகிற அந்தத் தெளிவு மனிதரை ஏமாற்றும் தெளிவு. உரிய காலத்திலே மண்டையைத் துளைத்துத் தேங்கிய குருதியை நீக்கினால், இவர்களுள் மிகப்பலர் முழுநலம் பெற்று வீடு திரும்புவர். காப்பாற்றப்படக்கூடியவர் சாகிறார் என்பதே இங்குள்ள அவலம்.

இதனோடு மதுவாடையும் சேர்ந்துவிட்டால் சொல்லவேண்டியதில்லை. “குடித்துவிட்டுக் கிடக்கிறான், வெறி தெளிந்ததும் பார்க்கலாம்” என்னும் வாக்கியம் எந்த வார்டிலும் எளிதாகப் பிறந்துவிடுகிறது. மருத்துவ நூல்களோ இதற்கு நேர்மாறாக விதிக்கின்றன. மூளையிலே காயம் இல்லையென்று உறுதியாகும்வரை, அறிவு மங்கியதற்கு மதுவைக் காரணமாகக் கொள்ளலாகாது என்பதே அவ்விதி. குடித்தவனின் மண்டையும் உடையக்கூடிய மண்டைதானே!

அறிவின் நிலையை அளக்க ஒரு கோல் உண்டு. 1974ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனெட் என்னும் இரு பேராசிரியர்கள் வகுத்த கோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, ஆக 15 புள்ளிகள். மிகக் குறைந்த அளவு 3. உலகமெங்கும் இன்று அதுவே வழக்கு. ஆசிரியர்களாகிய என் வாசகர்கள் புள்ளியிடும் தொழிலை அறிந்தவர்கள். ஆதலால் அவர்களிடம் ஒரு வினாவை வைக்கிறேன். பேச்சுக்குரிய 5 புள்ளிகளையும் ஒருவர் பெறவேண்டுமாயின், தம் பெயர் என்ன, இருக்கும் இடம் எது, இன்று என்ன நாள் என்பவற்றுக்குச் சரியான விடை தரவேண்டும். வினா சிங்களத்திலே கேட்கப்பட்டு, விடை சொல்ல வேண்டியவர் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டியாக இருந்தால், அவருடைய மௌனத்துக்கு எத்தனை புள்ளி? அவர் குழம்பியிருக்கிறாரா, வினா விளங்காமல் இருக்கிறாரா? அவர் தமிழிலே முணுமுணுப்பது தெளிந்த விடையா, பிதற்றலா?

மொழியுரிமை என்பதை நாம் மேடைகளிலே முழங்கும் பொருளாகவும், கந்தோர்ப் பலகைகளின் எழுத்தாகவும் கருதிப் பழகிவிட்டோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நுவரெலியாப் பிரதேச செயலாளர் பிரிவு 1999ஆம் ஆண்டிலே இருமொழி நிருவாகப் பிரிவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அப்பிரகடனம் உண்மையிலேயே உயிர்பெற வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டில். 15 புள்ளிகளிலே 5 புள்ளி மொழியிலே தொங்குகிறது. அந்தப் புள்ளிகளிலே ஓர் உயிர் தொங்குகிறது.

ஐந்தாவது கூறு

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. காய்ச்சலுக்கும் வயிற்று நோவுக்கும் இந்நான்கும் போதும். தாக்குண்டவருக்கு ஐந்தாவது கூறொன்றும் வேண்டும். அது புண்ணை உள்ளபடி எழுதுபவனின் கை.

வைத்தியசாலைக்கு வந்தவுடன் எழுதப்படும் முதற்குறிப்பு, பின்னர் பொலிசார் தரும் சட்டமருத்துவப் பரிசோதனைப் படிவம், அதற்கும் பின்னர் நீதிமன்றத்துக்குச் செல்லும் சட்டமருத்துவ அறிக்கை என்று ஒரு காயம் கடுதாசியிலே மூன்று நடை நடக்கிறது. முதல் நடை தவறினால் ஏனைய இரண்டும் நொண்டும். கூரிய கத்தி வெட்டிய புண்ணின் விளிம்பு நேராக இருக்கும்; கல்லும் பொல்லும் பிளந்த புண்ணின் விளிம்பு நைந்து, அடியிலே இழைகள் பாலம்போல நிற்கும். தையல் போட்டு மருந்து கட்டியபின் இரண்டும் ஒரேமாதிரி. எனவே, உயிருக்கு ஆபத்தில்லாத வேளையிலே, தைப்பதற்கு முன் நீளம், ஆழம், இடம், விளிம்பு ஆகியவற்றை இரண்டு வரியிலேனும் குறித்துவைக்க வேண்டும். கன்றிய தோலின் நிறமும் நாளுக்கு நாள் மாறி மறைந்துவிடும். சட்ட வைத்திய அதிகாரி ஒரு வாரம் கழித்துக் காணும்போது உடல் தன் சாட்சியத்தைப் பெரும்பாலும் அழித்துவிட்டிருக்கும்.

தோட்டங்களிலே இந்த எழுதும் கையின் வரலாறு தனியானது. 1872ஆம் ஆண்டிலும் பின்னர் 1912ஆம் ஆண்டிலும் பிரித்தானிய ஆட்சியினர் இயற்றிய மருத்துவத் தேவைகள் சட்டங்கள், தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பிலே ஒரு பகுதியைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. அக்காலத்துக்கு அது நன்மையே. ஆயினும் அதன் வழியே வளர்ந்த டிஸ்பென்சரியிலே பணியாற்றுபவர் தோட்டத்தின் சம்பளக்காரர். 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992ஆம் ஆண்டிலே கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறிய பின்னரும், டிஸ்பென்சரிகள் பல நிருவாகத்தின் கீழேயே நின்றன. தொழிலாளிக்குத் தொழிலாளி அடித்தால் டாக்டர் ஐயாவின் பேனை தடையின்றி ஓடும். அடித்தவர் உத்தியோகத்தராக இருந்தால்? நேர்மையும் துணிவும் உடைய பலர் அப்பணியிலே இருந்திருக்கிறார்கள். அவர்களை நான் அறிவேன். ஆனால், நீதி ஒரு தனிமனிதரின் துணிவை நம்பி நிற்கும்படி அமைந்த ஏற்பாடு குறையுடைய ஏற்பாடே.

மிஸ்ஸியின் இரண்டு வினாக்கள்

சில ஆண்டுகளுக்கு முன், நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற ஒரு வைத்தியசாலையிலே நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன். இடத்தின் பெயர் வேண்டா. நாற்பது வயதுத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, இடக்கை வீங்கித் தொங்க வாங்கிலே இருந்தாள். அருகிலே கணவன். இளம் வைத்தியர் சிங்களத்திலே வினவினார். அவளுக்கு அம்மொழி தெரியாது, கணவனுக்குத் தெரியும். “படியிலே வழுக்கி விழுந்தாள்” என்று அவனே விடை சொன்னான். வைத்தியர் அதையே எழுதினார். அவரைக் குறைகூற என் மனம் இடந்தரவில்லை. வாசலிலே முப்பது பேர் காத்திருந்தனர்; அவருக்கோ மொழிபெயர்க்க வேறொருவர் இல்லை.

படம் பிடித்து வந்தபோது முறிவு முழங்கைக்குக் கீழே, சுண்டுவிரற் பக்கத்து எலும்பின் நடுவிலே இருந்தது. வழுக்கி விழுபவர் கையை ஊன்றுவதால் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் முறியும். தலைமீது இறங்கும் பொல்லைத் தடுக்கக் கையை உயர்த்துபவருக்கே இந்த எலும்பு இந்த இடத்திலே முறிவது வழக்கம். அனுபவமுள்ள தமிழ்த் தாதி ஒருவர் அப்படத்தைப் பார்த்தார். கணவனிடம் ஒரு சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கிவர அனுப்பினார். பின்னர் அப்பெண்ணின் அருகிலே அமர்ந்து தாழ்ந்த குரலிலே கேட்டார்.

“அம்மா, இப்ப அவர் இங்க இல்ல. யாரு அடிச்சது?”

நெடுநேரம் மௌனம். பின்னர், “மிஸ்ஸி, எழுதினா நான் வீட்டுக்குப் போக ஏலாதே!” என்றாள் அவள்.

“போக வேற இடம் இருந்தா எழுதலாமா?”

அந்த இரண்டாவது வினாவிலேதான் கதவு திறந்தது. வைத்தியர் எழுந்து வந்தார். குறிப்பு மாற்றி எழுதப்பட்டது. அவள் வார்டிலே சேர்க்கப்பட்டாள். தாக்கியவனே தாக்கப்பட்டவளின் நாவாக நிற்கும் கொடுமையை அன்று நான் கண்ணாரக் கண்டேன். கூட வந்தவரை வெளியே நிறுத்தித் தனியே வினவுதல் என்னும் சிறு ஒழுங்கு எத்தகைய பெருங்காரியம் என்பதையும் கண்டேன்.

இவ்வகைப் பெண்கள் சிலர் அல்லர். குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டிலே நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, இலங்கையிலே துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் 20.4 வீதத்தினர் அத்துணைவராலே உடல்வழியான அல்லது பாலியல்வழியான வன்முறைக்கு ஆளாகியுள்ளனர் எனக் கண்டது. ஐவருள் ஒருவர். இவர்களுக்காக அரச வைத்தியசாலைகள் பலவற்றிலே ‘நட்பு நிலையம்’ என்னும் பிரிவு இயங்குகிறது; சிங்களத்திலே அதற்கு மிதுரு பியச என்று பெயர். 1938 என்னும் மகளிர் உதவித் தொலைபேசி எண்ணும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் உண்டு. லயத்துப் பெண்ணுக்கு இவற்றின் பெயரைக்கூடச் சொன்னவர் இல்லை என்பதுதான் குறை.

உயிர் முந்தியது

“இது பொலிஸ் கேஸ், முதலில் அங்கே போய் வாருங்கள்” என்னும் சொல் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று கணக்கிட எவராலும் இயலாது. இந்தியாவிலே அச்சொல்லுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி ஒரு தீர்ப்பு வழங்கியது. ஸ்கூட்டரிலே சென்ற ஒருவர் கார் மோதி வீழ்ந்தார். அருகிலுள்ள வைத்தியசாலை, வழக்குக்குரிய காயங்களைத் தாங்கள் பார்ப்பதில்லை என்று கூறி 20 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வேறொன்றுக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் உயிர் நீத்தார். செய்தித்தாளிலே அதைப் படித்த பண்டிட் பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கிலே, குற்றவாளியாயினும் நிரபராதியாயினும் உயிரைக் காப்பதே வைத்தியரின் முதற்கடமை, சட்ட நடைமுறை எதுவும் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என நீதிமன்றம் விதித்தது. 1996ஆம் ஆண்டிலே, மேற்கு வங்கத்தின் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கிலும் அதே நீதி வலியுறுத்தப்பட்டது. புகைவண்டியிலிருந்து வீழ்ந்து தலையிலே காயமுற்ற தொழிலாளி ஒருவரை அரச வைத்தியசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டில் இல்லையென்று திருப்பியனுப்பின. அவருக்கு 25,000 ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பாயிற்று.

நமது நாட்டிலும் ஒரு பெருந்தீர்ப்பு உண்டு. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே வத்தளைப் பொலிசார் ஆளை மாற்றிப் பிடித்து ஒருவரைக் கடுமையாகத் தாக்கினர். தாக்குண்டவரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. தசை சிதைந்தால் சிறுநீரகம் அடைபடும் என்று மேலே சொன்னேனே, அக்கேடுதான். அவருடைய மனைவி அவரைத் தனியார் வைத்தியசாலையிலே சேர்த்து உயிர்மீட்டார். 2003ஆம் ஆண்டிலே இவ்வழக்கை விசாரித்த உயர்நீதிமன்றத்தின் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அரச வைத்தியத்துக்கும் தனியார் வைத்தியத்துக்கும் இடையே தெரிந்துகொள்ளும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றும், உயிரைக் காக்கும் நோக்கத்தோடு செய்த அத்தெரிவு நியாயமானதே என்றும் கூறி, நட்டஈட்டோடு வைத்தியச் செலவையும் வழங்கக் கட்டளையிட்டார். வைத்தியர்கள் அம்மனிதரின் உடலிலே கண்டு எழுதியவையே வழக்கின் முதுகெலும்பு. கதையின் முடிவு மகிழ்ச்சியானதன்று. மேல் நீதிமன்றத்திலே சாட்சி கூறுமுன்னர், 2004ஆம் ஆண்டு நவம்பரிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வாறான கொடுமைகளின் பின்னர், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2015ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. குற்றத்தால் உடலிலோ உள்ளத்திலோ காயமுற்றவருக்கு வைத்திய சிகிச்சை ஓர் உரிமை என்பது இன்று சட்டத்தின் சொல். அச்சொல் நானுஓயாவின் மேற்பிரிவுக்கு இன்னும் ஏறவில்லை.

வேண்டுவன சில

நமது வைத்தியர்களுக்கு இரக்கமில்லை என்பது என் கருத்தன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகள் அருகின; வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர்; எஞ்சியோர் இரட்டைச் சுமை சுமந்தனர். கோடிக்கணக்கான பணத்தைக் கேட்டு நான் எழுதவில்லை. சிறு செலவிலே ஆகக்கூடிய சிலவற்றையே கேட்கிறேன்.

மலைநாட்டின் ஒவ்வோர் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இரவும் பகலும் தமிழ் அறிந்த ஒருவர் கடமையிலே இருக்க வேண்டும். தாக்குண்டவரைத் தனியே வினவ ஒரு திரையேனும் வேண்டும். தலையிலே அடிபட்டவர், குடித்திருந்தாலும், மணிக்கொருமுறையேனும் பார்க்கப்பட வேண்டும். தைக்குமுன் எழுதும் பழக்கம் விதியாக வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியிலே தாக்குதற் காயத்தைக் காண்பவர், நிருவாகத்தின் அனுமதியைக் கேளாமலே அரச வைத்தியசாலைக்கு அனுப்பும் உரிமை பெற வேண்டும். அவ்வாறு அனுப்பியதற்காக எவரும் அவரைக் கேள்வி கேட்கலாகாது. தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பள நாட்களிலே, எந்த லயத்திலிருந்து எந்த வழியாக அம்புலன்ஸ் வரை நோயாளியைக் கொண்டுவருவது என்று ஒரு திட்டம் வகுத்து வைக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலே பங்கு உண்டு. புண்ணை அழுத்திப் பிடிக்கவும், மயங்கியவரைப் பக்கவாட்டிலே கிடத்தவும், கம்பளியால் போர்த்தவும், 1990 என்னும் எண்ணைச் சுழற்றி இடத்தைத் தெளிவாகச் சொல்லவும் ஒரு பாடவேளை போதும். எட்டாம் வகுப்பு மாணவி அறிந்ததை அவளுடைய லயம் முழுவதும் ஒரு வாரத்திலே அறிந்துவிடும். தலையிலே அடிபட்டு வீடு திரும்பியவரை இரவிலே எழுப்பிப் பெயரும் நாளும் கேட்பதற்கு அவளே தகுந்தவள். தொடாக்காஞ்சியை நடத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், பாடமும் விளங்கும், பயனும் விளையும்.

மலையகத் தொழிலாளரின் நினைவிலே இரண்டு பெயர்கள் அழியாது நிற்கின்றன. ஒன்று, 1940ஆம் ஆண்டு ஜனவரியிலே முல்லோயாத் தோட்டத்திலே பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தன். மற்றொன்று, 1977ஆம் ஆண்டு மே மாதத்திலே டெவன் தோட்டத்திலே அவ்வாறே மாண்ட சிவனு லெட்சுமணன். மாண்டவர்களை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், கூர வேண்டியதுதான். ஆனால், அடிபட்டும் சாகாமல் எழுந்து, ஒரு கையைத் துணியிலே தொங்கவிட்டுக்கொண்டு மறுநாட் காலைப் பெரட்டுக்கு வந்து நிற்பவருக்கு ஊர்வலம் இல்லை, நினைவுக்கூட்டமும் இல்லை. அவருக்கென்று இருப்பது வைத்தியசாலையிலே யாரோ எழுதிய ஒரு துண்டுக் கடுதாசி. அதிலே அவருடைய புண் அவருடைய மொழியிலே கேட்கப்பட்டு, உள்ளபடி எழுதப்பட்டிருக்க வேண்டும்.